“நடிக்கான்” என்று தோன்ற ஆரம்பித்தால்

அம்பாசமுத்திரம் பக்கம் பதினைந்து படுக்கை உள்ள ஒரு போதை மீட்பு மையத்தில் மூன்று வருஷமாக கவுன்சிலராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சாரம் இது: “நான் ரொம்ப நம்பி அனுப்பிய ஒருவர் நாலாவது தடவையாகக் குடித்துவிட்டு வந்து நிற்கிறார். அவரைப் பார்த்ததும் பரிதாபம் வரவில்லை, வெறுப்புதான் வந்தது. ராத்திரி போன் அடித்தால் வயிற்றைப் பிசைகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமை பயம் வந்துவிடுகிறது. எனக்கு என்ன ஆச்சு? இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? விட்டுடவா?”

தம்பி, விடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். பாளையங்கோட்டையைச் சுற்றியே இந்த வேலையில் இருபத்துமூன்று வருஷம் இருந்தவன் நான், மனநல சமூகப் பணியாளராக. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது போனும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. அது களைப்பு. நாலு நாள் குற்றாலத்தில் போய் விழுந்தால் பாதி போய்விடும். உறுத்தியது அந்த வெறுப்பு என்ற ஒரு சொல். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நானும் அங்கே போய் வந்தவன்.

என் ஏழாவது வருஷம். நாங்குநேரி பக்கத்துக் கொத்தனார் ஒருவர், மூன்றாவது அட்மிஷன். சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம். அன்றைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள், கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். இவர் கட்டிலிலிருந்து கூப்பிட்டார்: “சார், கட்டில்ல எறும்பா ஊருது. செத்த தட்டி விடுங்களேன்.” நான் தலையை நிமிர்த்தவே இல்லை. வார்டு பாயிடம் சொன்னேன், “நடிக்கான். மாத்திரை கேக்கதுக்கு இது ஒரு வழி.” அவருடைய ஷீட்டிலும் ‘அட்டென்ஷன் சீக்கிங்’, அதாவது கவனத்தை இழுக்கச் செய்கிற நாடகம், என்று எழுதி வைத்தேன்.

எட்டு மணிக்கு நைட் டியூட்டி சிஸ்டர் வந்தார். கட்டில் பக்கம் போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. நாடி படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. “அண்ணாச்சி, இப்போ எங்க இருக்கிய?” என்று கேட்டார். “சாரத்து மேல நிக்கேன்மா. எறங்க வழி தெரியல.” சிஸ்டர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, டாக்டரைக் கூப்பிட ஓடினார். ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார்.

குடியை நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இப்படி ஒரு பிதற்றல் நிலை வரலாம், பூச்சி ஊர்வதாகத் தெரியும், இடம் காலம் குழம்பும், கவனிக்காவிட்டால் உயிரே போகும். இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுத்ததே நான்தான். படித்தது அப்படியே இருந்தது. ஆளைப் பார்ப்பதுதான் நின்று போயிருந்தது. கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்று தெரியாமல், ‘மூணாவது அட்மிஷன்’ படுத்திருக்கிறது என்று தெரிந்தது.

இதற்குத்தான் பர்ன்அவுட் என்று பெயர். பத்திரிகைகளில் சிலர் ‘மனச்சோர்வு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது டிப்ரஷனுக்கான சொல், இரண்டையும் குழப்பினால் வைத்தியமே மாறிப்போகும். நம் வார்டுகளில் சொல்கிற ‘மரத்துப் போச்சு’ என்பதுதான் கிட்டத்தில் வருகிறது.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தச் சொல் பிறந்ததே நம் மாதிரி இடத்தில்தான். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் பகலெல்லாம் தன் சொந்தப் பிராக்டிஸ் பார்த்துவிட்டு, ராத்திரி போதைப் பழக்கம் உள்ளவர்கள் வந்துபோகும் இலவச கிளினிக் ஒன்றில் வேலை செய்தார். அங்கே துள்ளிக்கொண்டு வந்த தொண்டர்கள் கொஞ்ச காலத்தில் கருகிப்போவதைப் பார்த்தார், அவரும் கருகினார். 1974-இல் அதைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் பர்ன்அவுட். அப்போது தெருவில் அந்தச் சொல் யாரைக் குறித்தது தெரியுமா? போதையில் முற்றிலும் அழிந்துபோனவர்களை. நோயாளியின் பட்டப்பெயரை, நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கே சூட்டினார்.

அதற்குப் பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்பவர் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-இல் அளவுகோல் ஒன்று செய்தார், இருபத்திரண்டு கேள்விகள். அதில் மூன்று முகங்கள்: உள்ளே வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது, நான் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைப்பது. பலரும் முதல் முகத்தை மட்டும் பார்த்து, தூங்கு, லீவு போடு என்று அறிவுரை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் ஆபத்தானது இரண்டாவது. அது முதலில் வாய்க்குத்தான் வரும். டீ குடிக்கும்போது நோயாளிகளுக்குப் பட்டப்பெயர் வைக்கிறோமா? ‘ரெகுலர் கஸ்டமர்’, ‘சீசன் டிக்கெட்’ என்கிறோமா? எல்லா வார்டிலும் கொஞ்சம் இந்தச் சிரிப்பு இருக்கும், அது இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு டீக்கடையிலிருந்து கேஸ் ஷீட்டுக்குள் ஏறியதும் யோசிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, இது நோய் இல்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்று தெளிவாகவே எழுதியது. ஆகவே ‘நான் லாயக்கில்லையா’ என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். உங்களை வைத்து வேலை நடத்துகிற விதம் லாயக்கா என்றும் கேட்கலாம்.

இனி அந்த நாலாவது அட்மிஷன்.

வார்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒரு கணக்குத் தப்பு நடக்கிறது. வருஷத்துக்கு நூறு பேரை அனுப்புகிறீர்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முப்பது பேர் அடியோடு விட்டுவிட்டார்கள், முப்பது பேர் வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள், நாற்பது பேர் பழையபடி. இந்த நாற்பது பேர் ஆளுக்கு மூன்று தடவை திரும்பி வந்தால் உங்கள் வாசலில் நூற்றிருபது முகம். அந்த முப்பது பேரோ ஒரு தடவைகூட வரமாட்டார்கள். ஏன் வரவேண்டும்? எந்த மனிதன் தன் மகனுக்குப் பெண் பார்க்கும் நேரத்தில் போதை மீட்பு மைய வாசலில் வந்து நின்று ‘நல்லா இருக்கேன் சார்’ என்பான்? பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நம்மைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக் கத்திரிக்காய் விலை கேட்பான். ஆகத் தோற்றவர்கள் மட்டுமே நம் கண்ணில் படுவார்கள். அப்படியே ஏற்பாடு. பேட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இருவர் 1984-இல் இதற்கு ‘மருத்துவரின் மாயை’ என்றே பெயர் வைத்து எழுதினார்கள்: நோய் நீண்டு போகிறவர்களையே அடிக்கடி பார்ப்பதால், அந்த நோய் உண்மையில் இருப்பதைவிட நம்பிக்கையற்றதாக மருத்துவருக்குத் தெரியும்.

மறுபடி குடிப்பது இந்த நோயின் போக்கிலேயே உண்டு. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்வது, சிகிச்சைக்குப் பின் மறுபடி வழுக்குகிறவர்கள் நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது பேர். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டுவிட்டுத் திரும்பி வருவதும் இதற்குக் குறைவில்லை. நம் ஊரிலேயே பாருங்கள். தீபாவளிக்கு அரைக் கிலோ அல்வாவை முடித்துவிட்டு, சர்க்கரை முந்நூற்றைத் தாண்டி வந்து உட்காருகிறவரைப் பார்த்து எந்த சுகர் டாக்டரும் ‘நான் தோற்றுவிட்டேன்’ என்று ராத்திரி முழித்துக் கிடப்பதில்லை. ரெண்டு திட்டு திட்டுவார், மாத்திரையைக் கூட்டுவார், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

நமக்கு மட்டும் ஏன் அப்படி முடியவில்லை? ஒரு காரணம், சர்க்கரை நோயாளி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு ‘உங்க மேல சத்தியம் சார், இனி அல்வா தொட மாட்டேன்’ என்று அழுவதில்லை. நம்மிடம் டிஸ்சார்ஜ் அன்றைக்கு அழுகிறார்கள். சில பேர் நம் பிள்ளை மேலேயே சத்தியம் செய்வார்கள். அந்த நேரத்தில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்ளுங்கள். நானும் பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்குத்தான் ஆறாவது வாரம் வட்டியோடு கட்டுகிறோம். அவன் உடைத்தது என் மேல் செய்த சத்தியம் என்று ஆகிவிடுகிறதே. பிற்பாடு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், சத்தியம் என்று ஆரம்பித்தாலே கையை எடுத்துவிடுவேன். “சத்தியமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வழுக்கினா அன்னைக்கே வாங்க. அது போதும்.”

இன்னொரு காரணம் நம் ஊர். பட்டணத்தில் கவுன்சிலர் வேலை முடிந்ததும் கூட்டத்தில் கரைந்துவிடலாம். இங்கே முடியாது. வண்ணார்பேட்டையில் பஸ் நிற்கும், ஜன்னல் வழியே பார்த்தால் டாஸ்மாக் வரிசையில் போன மாதம் நாம் அனுப்பியவர் நிற்பார். அவரும் பார்ப்பார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அன்றைய நாள் முழுக்க வீணாகப் போன மாதிரி இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ‘சார் எந்தூரு?’ என்பார்கள், ஊரைத் தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிற கேள்வியா அது? பதிலைப் பொறுத்து அடுத்த ஒரு வாரம் அவர் நம்மிடம் வாய் திறப்பதும் திறக்காததும் இருக்கும். இந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம், எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளை குடிகாரன் ஆஸ்பத்திரியில வேல பாக்காராமே’ என்று இழுத்த கதையெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டது மட்டும்தான் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

கொடை, எங்கள் பக்கத்து ஊர்ச் சாமித் திருவிழா, இருக்கிறதே, அது தனி. பங்குனி, சித்திரையில் ஆரம்பித்து ஆடி தாண்டும்வரை ஏதாவது ஒரு ஊரில் சாமிக்குக் கொடை நடந்துகொண்டுதான் இருக்கும். சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிற ஊர்களில் நம் ஆள் எப்படித் தப்புவான்? எட்டு மாதம் நன்றாக இருந்த சாமியாடி ஒருவர் கொடை முடிந்த வாரம் வந்து நின்றார். என்ன ஆச்சு என்றேன். முகத்தில் சலனமே இல்லாமல், “நான் குடிக்கல சார். சுடலைல்லா குடிச்சாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. அப்புறம் உட்கார்ந்து, அடுத்த வருஷம் சுடலைக்கு என்ன கொடுப்பது என்று பேசினோம். ஊர்ப் பெரியவர்களிடம் அவரே போய்ப் பேசி, அவர் கையில் மட்டும் இளநீர் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. அந்தச் சிரிப்பு வந்த காலத்தில் நான் நல்ல நிலையில் இருந்தேன் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கொத்தனார் சமயத்தில் இதே ஆள் இதே பதிலைச் சொல்லியிருந்தால் ‘திமிரு’ என்று எழுதியிருப்பேன்.

சாவு பற்றிக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. மூன்று வருஷத்தில் ஒன்றிரண்டு நிச்சயம் நடந்திருக்கும். ஈரல் போய், தூக்கில், வண்டியிலிருந்து விழுந்து. இப்போதெல்லாம் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு ஆபத்து: சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது, வெளியே போய்ப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். அதாவது நம்மிடம் நன்றாக இருந்துவிட்டுப் போனதே அவன் சாவில் ஒரு பங்கு ஆகிவிடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவனிடமும் வீட்டாரிடமும் இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

செத்தவர் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகலாமா? பக்கத்து வீட்டுக்காரர் துட்டிக்குப் போவோம், பேங்கில் கூட வேலை பார்த்தவர் துட்டிக்குப் போவோம். இருபத்தெட்டு நாள் ஒரே கூரையின் கீழ் தன் கதையெல்லாம் நம்மிடம் கொட்டியவர் துட்டிக்கு மட்டும் போக முடியாது. போனால், ‘இவரு யாரு?’ என்று ஊர் கேட்கும், அவர் எங்கே சிகிச்சை எடுத்தார் என்பது பந்தலிலேயே வெளிச்சமாகிவிடும். செத்த பிறகும் அவர் ரகசியம் அவருடையதுதான். அதனால் நாம் பல் கடித்துக்கொண்டு அன்றைக்கும் குரூப் செஷன் எடுக்கிறோம். அழுகையைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் என்னைக் கடைசிவரை அரித்தது. நாங்கள் ஒரு மையத்தில் ஒன்று செய்தோம்: யாராவது இறந்த செய்தி வந்தால் அன்று சாயங்காலம் ஸ்டாஃப் எல்லோரும், சமையல்காரம்மா உட்பட, பதினைந்து நிமிஷம் உட்காருவோம். அவரைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை. சமையல்காரம்மாதான் எப்போதும் நல்லதாகச் சொல்வார், “ரசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குவாரு” என்கிற மாதிரி. யார் தப்பு என்ற பேச்சு அங்கே கிடையாது, அதற்கு வேறு நாள். செலவு ஒரு ரூபாய் இல்லை.

உங்களோடு வேலை பார்க்கிறவர்களில் முன்னாள் குடிநோயாளிகள் இருப்பார்கள். நம்மால் ஒரு மாதத்தில் சொல்ல முடியாததை அவர்கள் ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்கள், அவர்கள் இல்லாமல் இந்த மையங்கள் ஓடாது. ஆனால் அவர்கள் கருகுவது வேறு விதம். அவர்களுக்குத் தினமும் தன் பழைய முகத்தைப் பார்க்கிற வேலை. ‘நீங்களே விட்டுட்டீங்க, இவனை விட வைக்க முடியலையா’ என்று குடும்பங்கள் அவர்களிடம்தான் அதிகம் தொங்குவார்கள். சம்பளம் எல்லோரையும்விடக் குறைவாக இருக்கும், நைட் டியூட்டி எல்லோரையும்விட அதிகமாக இருக்கும். ‘அவனுக்கென்ன, அனுபவம் இருக்கு’ என்று தலையில் கட்டுவோம். அப்படி ஒரு சீனியர் பதினோரு வருஷத்துக்குப் பிறகு வழுக்கியபோது எங்கள் வார்டே ஒரு வாரம் துட்டி வீடு மாதிரி இருந்தது. நோயாளிகளை அல்ல, எங்களைத்தான் தேற்ற வேண்டியிருந்தது. அவர்கள் தன் ஆதரவுக் கூட்டத்துக்கு, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமோ வேறெதுவோ, போகிற நேரத்தை டியூட்டி சீட்டில் தொடக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். தன் சிகிச்சையையும் தன் வேலையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லதல்ல என்பதையும் நட்பாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை எரிச்சல் உண்டு. அதற்கு லீவும் யோகாவும் உதவாது. உங்கள் மையத்தில் ஆளை வேனில் போய் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்களா? கதவைப் பூட்டி வைக்கிறார்களா? அடிக்கிறார்களா? ‘இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டும்’ என்று பீஸுக்காகக் குடும்பத்தைப் பேசி வைக்கச் சொல்கிறார்களா? அப்படியானால் அது பர்ன்அவுட் இல்லை தம்பி, மனசாட்சி. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பாதுகாப்புச் சட்டம் போதையால் வரும் மனநிலைகளையும் சேர்த்தே பேசுகிறது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால், சட்டப்படி அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதுவும் முதலில் முப்பது நாள்வரைதான். சங்கிலியில் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது. இதற்கு மாறாக நடக்கிற இடத்தில் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள், தொழிலை அல்ல.

சரி, நடப்புக்கு வருகிறேன். நான் இத்தனை வருஷத்தில் உதவியதாகக் கண்டவை கொஞ்சம்தான்.

போன் முதலில். சொந்த நம்பரைக் கொடுத்திருப்பீர்கள், எல்லோரும் முதல் வருஷம் கொடுப்போம். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா என்னை ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிடுவார். மடியில் பீடித் தட்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய எண்ணிக்கைக்காகச் சுற்றிக்கொண்டே பேசுவார், கத்தரி சத்தம்கூடக் கேட்கும். “இப்பதான் வந்து விழுந்து கெடக்காவ சார். நீங்க ஒரு வார்த்த பேசுதீயளா?” விழுந்து கிடக்கிறவரிடம் நான் என்ன பேச? ஒரு வருஷம் பேசினேன். அவருக்கும் பிரயோஜனம் இல்லை, எனக்கும் தூக்கம் போயிற்று. பிற்பாடு புரிந்தது, அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது கணவரிடம் பேச ஓர் ஆள் அல்ல, தன்னிடம் பேச ஓர் ஆள். அவருக்கென்று வாரம் ஒரு நாள், காலை பதினொரு மணி, அரை மணி நேரம் ஒதுக்கினேன். ராத்திரிப் போன் தானாகவே குறைந்தது. நீங்கள் தனி சிம் ஒன்று வாங்கி மையத்திலேயே வைத்துவிடுங்கள், ராத்திரிக்கு முறை வைத்து ஒருவர் எடுக்கட்டும். குடும்பங்களுக்கு இரண்டு நம்பரைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண்; 14416, டெலிமனஸ் மனநல உதவி எண். ஃபிட்ஸ், பிதற்றல், ரத்த வாந்தி என்றால் யாரையும் கேட்க வேண்டாம், 108 என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கேஸைப் பேச ஓர் இடம். வாரம் ஒரு மணி நேரம், உங்களைவிட அனுபவம் உள்ள ஒருவரிடம், ‘இந்த ஆளைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வருது’ என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற இடம். ரிவியூ மீட்டிங் வேறு, அதில் எண்ணிக்கைதான் பேசுவார்கள், திட்டும் விழும். உங்கள் மையத்தில் இதற்கு வழி இல்லை என்றால் பக்கத்து மையங்களில் உங்களைப் போல் மூன்று பேர் இருப்பார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை, பாளையில் ஏதாவது ஒரு மாடியில். நோயாளி பெயர், ஊர் சொல்லாமல் பேசுங்கள். நாங்கள் ஆறு வருஷம் நடத்தினோம். நான் செய்தவற்றிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்பேன், டிரெயினிங் சர்டிபிகேட் அத்தனையையும்விட.

பிறகு ஃபாலோ அப் வேலையில் கொஞ்சம் பங்கு கேளுங்கள். வார்டிலேயே கிடந்தால் மேலே சொன்ன கணக்குத் தப்பு தீராது. வாரத்தில் ஒரு நாள் வீட்டுப் பார்வைக்குப் போனால் குறைத்துக்கொண்டவர்களும் கண்ணில் படுவார்கள். முன்பு தினமும் குடித்தவர் இப்போது மாதத்தில் இரண்டு நாள் குடிக்கிறார் என்றால், ரிஜிஸ்டரில் அவர் ‘ரிலாப்ஸ்’, மறுபடி குடித்தவர். அவர் மனைவியைக் கேளுங்கள், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்று என்பார். நீங்களாவது உங்கள் நோட்டில் அதை எழுதி வையுங்கள். அந்த நாலாவது அட்மிஷன்காரரின் பழைய ஷீட்டுகளை எடுத்து, இடையில் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்று கூட்டிப் பாருங்கள். முதல் தடவைக்கும் நாலாவது தடவைக்கும் அந்த நாட்கள் கூடியிருந்தால், உங்கள் வேலை வீணாகவில்லை. கூடவில்லை என்றால், அதே பேச்சையே நாலாவது தடவையும் பேசாமல் டாக்டரிடம் மருந்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் செய்து 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டு பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தொட்டிருக்கிறார். உங்கள் ஆள் நாலு தடவை வாசலேறி வந்திருக்கிறார். வெட்கத்தை விட்டுத்தானே வந்தார்?

சொந்த உடம்பைப் பற்றி ஒன்று, சுருக்கமாக. லீவிலும் சந்தோஷம் வரவில்லை, விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டிவிட்டது. கவுன்சிலர் என்ற கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள், தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் மதுரைக்குப் போங்கள், அல்லது 14416-க்கே பேசுங்கள். வார்டு அலமாரியில் இருக்கும் தூக்க மாத்திரையை ‘இன்னைக்கு ஒரு நாள்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து ‘ஒரு கட்டிங்’ என்பதும் அப்படியே. நம் தொழிலில் அந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விட்டுடவா என்று கேட்டீர்கள். இன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள். பத்து நாள் லீவு போடுங்கள், ஊர்க் கொடை இல்லாத நாளாகப் பார்த்து. திரும்பி வந்ததும் போன் ஏற்பாட்டையும் சனிக்கிழமை கூட்டத்தையும் மட்டும் செய்யுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். மூன்று மாதம் கழித்து, புதிதாக வரும் ஒருவரிடம் ‘எங்க வேல பாக்கிய, எத்தன புள்ளைய?’ என்று கேட்கும்போது பதிலைக் கேட்க உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இருங்கள். இல்லை என்றால் விடுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. பள்ளிக்கூடம், முதியோர் மருத்துவம் என்று எத்தனையோ இடம் இருக்கிறது. நான் நடுவில் இரண்டு வருஷம் விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தவன்தான்.

திரும்பி வந்ததற்குக் காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு டவுனுக்குப் போயிருந்தேன். பந்தியில் சொதி வாளியோடு வந்தவர் என் இலைக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. ரெண்டு தடவை எங்களிடம் இருந்து ஓடிப்போனவர், அப்புறம் ஆளையே காணோம், செத்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். வேட்டி வெளுப்பாக இருந்தது, வாளியைப் பிடித்த கையில் நடுக்கம் இல்லை. பக்கத்து இலைக்காரர், “இவரத் தெரியுமா வே?” என்று அவரைக் கேட்டார். “தெரியாதே” என்றார். எனக்கு ரெண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டார்.